றலி சைக்கிளுக்கு எந்த ஹெட்செட் பொருந்தும்?

ஒரு தம்பி எழுதிக் கேட்டிருப்பது இதுதான். அப்பா ஓடிய பழைய றலி சைக்கிள். 2022-ல் பெற்றோல் வரிசையில் நிற்க ஏலாமல் கொட்டிலிலிருந்து வெளியே எடுத்தது, இன்றைக்கும் தம்பி அதில்தான் வேலைக்குப் போகிறார். கொஞ்ச நாளாக ஹாண்டில் நேராக வருகிற இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் பிடித்துக்கொள்கிறது. ரவுணில் ‘ஒரு இஞ்சி’ ஹெட்செட் (ஹாண்டிலும் போர்க்கும் பிரேமில் திரும்ப உதவும் கப், போல்ஸ், நட் சேர்ந்த செட்) ஒன்று வாங்கிப் பூட்டப் பார்த்தால் மேல் நட் இரண்டு சுற்றோடு இறுகி நின்றுவிட்டது. முன் சில்லைப் பிடிக்கும் போர்க்கின் தோளில், ஹெட்செட்டின் அடியில் இருக்கவேண்டிய வளையமோ கையாலேயே ஏறி இறங்குகிறது. கப் இரண்டும் ஒரு தட்டோடு உள்ளே போய்விட்டன. திருத்துகிறவர், வளையம் இருக்கும் இடத்தைப் பஞ்ச் என்ற கூர் உளியால் குத்தி இறுக்கலாம், புரியை டை என்ற வெட்டுக்கருவி போட்டுப் புதிதாக வெட்டலாம் என்கிறார். செய்யலாமா, இல்லாவிட்டால் எதைக் கேட்டு வாங்குவது?

குத்தவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். வாங்கிய சாமான் பழுதானதும் இல்லை. அது வேறு சைக்கிளுக்கு உரியது, அவ்வளவுதான். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் ஒரே விடயத்தைத்தான் சொல்கின்றன. கையில் இருப்பது யப்பான் அளவு ஹெட்செட், சைக்கிளோ நொட்டிங்ஹாம் அளவு, அதாவது றலிக் கம்பனியின் சொந்த அளவு. இரண்டுமே ‘ஒரு இஞ்சி’தான். அந்த ஒரு இஞ்சி என்பது போர்க்கிலிருந்து பிரேமுக்குள் ஏறும் தண்டின் வெளி விட்டம் மட்டும், 25.4 மி.மீ. மற்ற அளவு எதையும் அது சொல்வதில்லை. கடையில் ‘ஒரு இஞ்சி’ என்று மட்டும் கேட்டால் ஆளுக்கொரு செட் எடுத்துத் தருவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் புதிதாக வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்களுக்கு ஹெட்செட் முழுவதும் மாற்றத் தேவையில்லாமலும் இருக்கலாம்.

ஹாண்டில் நடுவில் பிடிக்கிறதென்றால், கீழ்க் கப்பிலும் போர்க்கின் வளையத்திலும் போல்ஸ் (சிறு இரும்புக் குண்டுகள்) இருக்கும் இடங்களில் சிறு சிறு குழிகள் விழுந்திருக்கின்றன என்று அர்த்தம். ரோட்டுக் குழிகளில் விழுந்து ஓடினதால் அடிபட்டு வந்தது என்றுதான் கனபேர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. நேராகவே ஓடும்போது போல்ஸ் உருளாமல் அதே இடத்தில் நின்று, போர்க்கு முன்னும் பின்னும் மயிரளவு வளைவதால் அங்கேயே தேய்கின்றன. இடையிலிருந்த கிறீஸ் வெளியே பிதுங்கிவிட, இரும்பும் இரும்பும் உரசித் துருப்போல ஒரு தூளாகி, நாளடைவில் அந்த இடம் குழியாகிறது. எங்கள் யாழ்ப்பாண ரோட்டுகள் மேடு பள்ளமில்லாமல் நேராகக் கிடப்பவை. பலாலி வீதியிலோ காங்கேசன்துறை வீதியிலோ போகிறவர் ஹாண்டிலைப் பெரிதாகத் திருப்புவதே இல்லை. மலைநாட்டில் ஓடும் சைக்கிளைவிட இங்கே இந்தப் பழுது கூட வருவதற்கு அது ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

குழி ஆழமில்லை என்றால் கைவைத்தியம் ஒன்று உண்டு. பழைய போல்ஸ் தகட்டுக் கூட்டோடு இருந்தால் கூட்டை எறிந்துவிட்டுத் தனிப் போல்ஸ் போடுங்கள். கப்பில் கிறீஸ் பூசி வரிசையாக வைத்து நிரப்பி, ஒரு போல் அளவு இடைவெளி இருக்கும்படி விட்டால் சரி. கூட்டில் இருந்ததைவிட இப்போது எண்ணிக்கை கூட, இடைவெளியும் வேறு. அதனால் எல்லாப் போல்ஸும் ஒரே நேரத்தில் பழைய குழிகளில் விழாது; பிடிப்பு மறைந்துவிடும் அல்லது பெரிதாகக் குறையும். பழைய போலையும் அளந்து அதே அளவில்தான் வாங்கவேண்டும். இந்த வகை ஹெட்செட்டில் பெரும்பாலும் 5/32 அங்குலம், அதாவது 3.97 மி.மீ. வரும். 3/16 அங்குலம், 4.76 மி.மீ. வருவதும் உண்டு. பழைய போல்ஸும் புதுப் போல்ஸும் ஒரே கப்பில் கலக்க வேண்டாம். தேய்ந்தது சிறியது, புதியது பெரியது. பாரம் முழுவதும் புதியதன்மேல்தான் இறங்கும்.

குழி நகத்துக்குத் தட்டுப்படும் ஆழத்தில் இருந்தால், இல்லை கப்பின் பளபளப்பான பாதையில் தோல் உரிந்ததுபோல் கண்டிருந்தால், போல்ஸ் மாற்றிப் பயனில்லை. அப்போதுதான் ஹெட்செட் வாங்கவேண்டும்.

சரி, எதை அளப்பது? ஹெட்செட்டைக் கழற்றினால் மேலிருந்து கீழாக இவை வரும்: லொக் நட், நாக்கு வைத்த வாஷர், புரியில் ஏறும் மேல் கோன், போல்ஸ், பிரேமின் தலைக்குழாயில் இறுகி நிற்கும் மேல் கப், அதே குழாயின் அடியில் இறுகி நிற்கும் கீழ்க் கப், மறுபடி போல்ஸ், கடைசியில் போர்க்கின் தோளில் இறுகி உட்காரும் அடி வளையம். சில செட்களில் கப் இருக்கவேண்டிய இடத்தில் கோனும் கோன் இருக்கவேண்டிய இடத்தில் கப்பும் மாறி வரும், அதனால் ஒன்றுமில்லை. பொருந்துமா என்பதைத் தீர்மானிப்பவை புரி, அடி வளையத்தின் உள்விட்டம், கப்பின் வெளிவிட்டம், மொத்த உயரம் ஆகிய நான்கும்தான். இதில் ஒன்று பிழைத்தாலும் மற்ற மூன்றும் சரியாக இருந்து பயனில்லை.

முதலில் புரி. இப்போது உலகம் முழுவதும் ஓடும் ஒரு இஞ்சித் தண்டுகளில் அங்குலத்துக்கு 24 புரி. றலிக் கம்பனி மட்டும் தன்னுடைய நொட்டிங்ஹாம் தொழிற்சாலையில் நெடுங்காலம் 26 புரி வெட்டி வந்தது. 24 புரி நட்டை 26 புரித் தண்டில் ஏற்றினால் முதல் சுற்று ஏறும், இரண்டாவதில் இறுகும், அதற்குமேல் ஸ்பானர் போட்டுத் திருப்பினால் இரண்டு புரியும் நாசம். உங்களுக்கு நடந்தது அதுதான். நல்ல வேளையாக நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். றலி என்று பெயர் இல்லாத வண்டிகளிலும் இது வரும். ஹம்பரை 1932-லும் ரட்ஜை 1943-லும் றலி வாங்கிவிட்டது. எனவே பிந்தி வந்த ஹம்பர், ரட்ஜ் சைக்கிள்களும் நொட்டிங்ஹாம் பிள்ளைகள்தான். மறுபக்கம், றலி என்று பெயர் ஒட்டிப் பிற்காலத்தில் வேறு இடங்களில் செய்த வண்டிகளில் 24 புரியும் இருக்கும். ஆகவே பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல் எண்ணிப் பாருங்கள்.

எண்ணுவது சுலபம். தண்டின் புரியைப் பழைய பல்லுத் தூரிகையால் துலக்கிவிட்டு, ஒரு மேட்டின் உச்சியில் தொடங்கிப் பத்து இடைவெளி தள்ளி வரும் உச்சிவரை அடிமட்டத்தால் அளவுங்கள். 24 புரி என்றால் 10.6 மி.மீ. வரும், 26 என்றால் 9.8. 0.8 மி.மீ. வித்தியாசம், கண்ணுக்குத் தெரியும். சந்தேகமிருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட பின் ஹப் ஒன்று எப்படியும் கிடக்கும். பிரீவீல் ஏறும் அந்த ஹப்பின் புரி அங்குலத்துக்கு 24. றலி வண்டியிலும் பிரீவீல் புரி 24-தான். அதைப் போர்க்கின் புரியோடு பக்கம் பக்கமாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பல்லோடு பல்லாகக் கோத்து ஒளி புகாமல் நின்றால் 24. இரண்டு மூன்று பல்லுக்குப் பிறகு ஏறி நின்று இடையில் வெளிச்சம் தெரிந்தால் 26.

அடுத்தது அடி வளையம். கனபேர் தவறவிடுவது இதைத்தான், ஏனென்றால் அடிமட்டத்தால் இதைப் பிடிக்க முடியாது. போர்க்கின் தோளில் இருக்கும் சிறு திண்ணையில் இறுகி உட்காரும் அந்த வளையத்தின் உள்விட்டம், இன்று சர்வதேசத் தரமாக இருக்கும் ஐ.எஸ்.ஓ. அளவில் 26.4 மி.மீ. யப்பானின் ஜே.ஐ.எஸ். அளவில் 27.0 மி.மீ. றலியும் 26.4-தான். அரை மி.மீ.ரை விடக் கொஞ்சம் கூட வித்தியாசம். வேணியர் இடுக்கிமானி கட்டாயம் வேண்டும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒருதரம் அளந்து தரச் சொல்லுங்கள். லேத் பட்டறையிலும் அளந்து தருவார்கள். 27.0 வளையம் 26.4 திண்ணையில் லொடலொடவென்று ஆடும். மறுதலையாக, 26.4 வளையத்தை 27.0 திண்ணையில் அடித்து ஏற்றப் பார்த்தால் வளையம் வெடிக்கும்.

கப். தலைக்குழாயின் உள்ளே போகும் பகுதியின் வெளிவிட்டம் ஐ.எஸ்.ஓ.விலும் றலியிலும் 30.2 மி.மீ., யப்பான் அளவில் 30.0 மி.மீ. கப் எப்போதும் குழாயின் உள்விட்டத்தைவிட 0.1, 0.2 மி.மீ. பெரிதாக இருந்து இறுகி ஏறவேண்டும். ஒரு தட்டோடு போனது என்று நீங்கள் எழுதியதை வாசித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. பழைய கப்பை வெளியே எடுத்து அளப்பதுதான் நம்பிக்கையான வழி, இரண்டு மூன்று இடத்தில் அளவுங்கள். குழாயின் வாயையும் நான்கு பக்கமாக அளந்து பார்ப்பது நல்லது. நீண்ட காலம் தளர்ந்த ஹெட்செட்டோடு ஓடிய வண்டியில் குழாய் வாய் முட்டை வடிவமாகியிருக்கும்.

ஹாண்டிலின் தண்டு ஹெட்செட்டின் பாகமல்ல, ஆனால் ஒன்றையும் கழற்றாமலே வண்டி எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும். போர்க்குக்குள் இறங்கும் தண்டு 22.2 மி.மீ. என்றால் ஒரு இஞ்சிக் குடும்பம். 25.4 என்றால் ஒன்றே அரைக்கால் இஞ்சி என்று சொல்லும் 28.6 மி.மீ. குடும்பம். 21.1 என்றால் சிறுவர் பி.எம்.எக்ஸ். வகை.

கடைசி அளவு உயரம். எல்லா விட்டமும் சரியாக இருந்தும் பூட்டிவிட்டுத் தலையைச் சொறியவைப்பது இதுதான். போர்க்கைக் கழற்றி, வளையம் உட்காரும் திண்ணையிலிருந்து தண்டின் நுனிவரை அளவுங்கள். அதிலிருந்து தலைக்குழாயின் நீளத்தைக் கழியுங்கள். தண்டு 190 மி.மீ., குழாய் 155 மி.மீ. என்று வையுங்கள், மிச்சம் 35. புது ஹெட்செட்டின் வெளியே தெரியும் மொத்த உயரம் இந்த 35-க்குள் அடங்கவேண்டும். 33 என்றால் 2 மி.மீ. வாஷர் ஒன்று வைத்துச் சமாளிக்கலாம். 38 என்றால் லொக் நட்டுக்குப் பிடிக்கப் புரியே மிஞ்சாது, அதை வாங்கவே கூடாது. பெட்டியில் உயரம் எழுதியிருக்காவிட்டால் கடை மேசையில் வைத்தே பார்க்கலாம். கீழ்ச் சோடியைப் போல்ஸோடு ஒன்றின்மேல் ஒன்று வைத்து, குழாய்க்குள் போகும் பகுதியை விட்டு மற்றதை அளவுங்கள். மேல் சோடியையும் வாஷர், நட்டோடு அப்படியே அளந்து கூட்டுங்கள். லொக் நட்டின் மேல் உதடு தண்டைத் தாண்டி நிற்பது என்பதால் அதன் தடிப்பைக் கழித்துவிட வேண்டும்.

பழைய றலிகளில் லொக் நட்டுக்கு அடியில் விளக்கு மாட்டும் தகடு ஒன்று இருக்கும். இப்போது டைனமோ விளக்கு இல்லையே என்று அதை எறிந்துவிடுவார்கள். அந்தத் தகட்டின் தடிப்பும் உயரக் கணக்கில் சேர்ந்தது. அது போனதும் லொக் நட் கீழே கோனை நெருக்குவதற்கு முன்னரே தண்டின் நுனியில் முட்டி நின்றுவிடும். நட் இறுக்கமாகத்தான் இருக்கும், ஹாண்டில் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். எத்தனை தரம் இறுக்கினாலும் சரிவராத ஹெட்செட்டைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தகடு இல்லாவிட்டால் அதே தடிப்பில் ஒரு வாஷர் போடுங்கள்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். புரி 26 என்று உறுதியானால் நான் செய்யச் சொல்வது அரை மாற்றம். மேல் கோன், லொக் நட், மேல் கப் மூன்றையும் பழையதாகவே வைத்துக்கொள்ளுங்கள். 26 புரி உள்ளவை அதில் இரண்டு சாமான்கள் மட்டும்தான், மேலே பாரமும் குறைவு, தண்ணீரும் அதிகம் படுவதில்லை. அநேகமாகத் தேய்வு பெரிதாக இருக்காது. கீழ்க் கப்பும் அடி வளையமும் புரி இல்லாதவை. எனவே ஐ.எஸ்.ஓ. அளவான 30.2, 26.4 ஹெட்செட் ஒன்றை வாங்கி அதன் கீழ்ச் சோடியை மட்டும் பூட்டினால் போதும். பழுதானது எப்படியும் கீழ்ச் சோடிதான். கீழே மாற்றும்போது கப், வளையம், போல்ஸ் மூன்றையும் ஒரே பெட்டியிலிருந்து போடுங்கள்; பழைய கப்போடு புது வளையத்தைச் சேர்த்தால் வளைவுகள் ஒத்துப்போகாமல் போல் ஒரு விளிம்பில்தான் ஓடும். பழைய கீழ்ச் சோடியின் உயரத்தையும் புதியதன் உயரத்தையும் ஒப்பிட்டு, புதியது குறைந்தால் மேலே வாஷர் சேர்க்கலாம்.

மேலேயும் தேய்ந்திருந்தால் 26 புரி உள்ள முழுச் செட் தேடவேண்டும். இந்தியாவிலிருந்து கறுப்புச் சைக்கிள்களுக்கு வரும் செட்களில் கிடைக்கலாம். இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போன றலி, ஹம்பர் வண்டிகளில் நல்ல மேல் சோடி அகப்படும். எதுவானாலும் போர்க்கைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய நட்டைக் கொண்டுபோய்ப் பயனில்லை, நட்டோடு நட்டை வைத்துப் புரி பார்க்க முடியாது. கடையில் வைத்து விரலால் மட்டும் திருப்பிப் பாருங்கள். ஸ்பானர் இல்லாமல் அடிவரை ஏறினால் அதுதான் உங்கள் சாமான். கஸ்தூரியார் வீதிவரை பஸ்ஸில் ஒரு போர்க்கைத் தூக்கிக்கொண்டு போவது கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் மூன்று தரம் வெறும் கையோடு போவதைவிட நல்லது.

திருத்துகிறவர் சொன்ன இரண்டு யோசனைகளையும் வேண்டாம் என்றேன், காரணத்தையும் சொல்லவேண்டும். 26 புரி வெட்டிய தண்டில் 24 டையை ஓட்டினால் புதுப் புரி பழைய புரியின் முதுகுகளைக் குறுக்கே அரிந்துகொண்டு போகும். மிஞ்சுவது ஆழமில்லாத, மொட்டையான புரி. அந்தத் தண்டுக்குள்தான் ஹாண்டிலின் ஆப்பும் விரிந்து நெருக்கி நிற்கிறது. அந்த இடத்தில் தண்டு முறிந்தால் ஓடுகிறவர் கையில் ஹாண்டில் தனியாக வரும். ஒரு ஹெட்செட்டை மிச்சம் பிடிக்க எடுக்கக்கூடிய ஆபத்து அல்ல இது. பஞ்ச் உளியால் குத்துவதும் அப்படித்தான்: 0.6 மி.மீ. இடைவெளியைக் குத்தி எழும்பிய சில முட்கள் தாங்கவேண்டும். கொஞ்சக் காலத்தில் அவை நசிந்துவிடும், வளையம் சரிந்து போல்ஸ் ஒரு பக்கமாகத் தேயும். அதைவிட, பிறகு சரியான 26.4 வளையம் வாங்கினாலும் குத்துப்பட்ட திண்ணையில் அது நேராக உட்காராது.

அவர் இப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியமில்லை. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் இல்லாமல் குடாநாடே சைக்கிளில் ஓடியது. அந்த வண்டிகளை இருக்கிற சாமானை வைத்து ஓடவைத்தவர்கள் இவர்கள்தான். அந்தக் கைகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அன்றைக்கு வேறு வழி இல்லாமல் செய்ததை, சாமான் கிடைக்கிற இன்றைக்கும் செய்யவேண்டியதில்லை. அவரிடமே சரியான செட்டைக் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள், உங்களைவிட நன்றாகப் பூட்டுவார்.

இதே கேள்வியோடு வருகிற மற்ற வண்டிகளைப் பற்றியும் கொஞ்சம். கொள்கலனில் வந்து இறங்கும் பாவித்த யப்பான் சைக்கிள்களுக்கு நீங்கள் தவறி வாங்கிய செட்தான் சரியானது: 24 புரி, 27.0 வளையம், 30.0 கப். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் அப்படி ஒரு வண்டி வைத்திருக்கிறவருக்குக் கொடுங்கள். அந்த வண்டிகளில் சிலவற்றில் பின் பூட்டைப் பூட்டினால் ஹாண்டிலும் சேர்ந்து பூட்டுப்படும். அந்தப் பூட்டின் பெட்டி ஹெட்செட்டோடு சேர்ந்தே இருக்கும். பெட்டி வெடித்தால் ஓடும்போதே ஹாண்டில் திரும்பாமல் பூட்டுப்படக்கூடும் என்று 2019-ல் பிரிட்ஜ்ஸ்டோன் சைக்கிள் நிறுவனமும் யமஹாவும் யப்பானில் லட்சக்கணக்கான வண்டிகளைத் திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தன. உங்கள் வீட்டு யப்பான் சைக்கிளில் அப்படிப் பூட்டு இருந்தால் பெட்டியில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒருதரம் உற்றுப் பாருங்கள்.

பாணந்துறையில் செய்யும் லுமாலா பலவகை மாதிரிகளில் வருகிறது, எனவே லுமாலா என்ற பெயர் மட்டும் ஒரு அளவையும் சொல்லாது. ஹாண்டில் தண்டிலிருந்து தொடங்குங்கள். 25.4 தண்டு உள்ள மவுண்டன் வகைக்கு 28.6 மி.மீ. போர்க்கு, அங்குலத்துக்கு 26 புரி, 30.0 வளையம், 34 கப். இங்கே 26 என்பதைப் பார்த்து றலிச் சாமான் என்று எண்ணிவிடாதீர்கள், விட்டமே வேறு. பி.எம்.எக்ஸ். வகையில் 24 புரியும் 26.4 வளையமும்தான், ஆனால் கப் 32.7 அளவில் பெரிதாக வரும்.

புரியே இல்லாமல், ஹாண்டிலின் கழுத்து போர்க்குத் தண்டை வெளியிலிருந்து பிடிக்கும் புது வண்டிகளில் உயரப் பிரச்சினை குறைவு. அங்கே குழப்பம் தலைக்குழாயில். கப் வெளியே தெரிந்தால் ஈ.சி. வகை, சாதாரணமாக 34. கப் குழாய்க்குள் மறைந்து உதடு மட்டும் தெரிந்தால் இஸட்.எஸ். வகை, பெரும்பாலும் 44. கப்பே இல்லாமல் பேரிங் நேராகக் குழாய்க்குள் உட்கார்ந்தால் ஐ.எஸ். வகை. மேலும் கீழும் ஒரே அளவு என்று நினைக்கவேண்டாம். பல வண்டிகளில் கீழே பெரியது. ஐ.எஸ். வகையில் பேரிங்கின் விளிம்பில் 36, 45 என்று சரிவுக் கோணங்கள் பொறித்திருக்கும். 41.0 மி.மீ.ரும் 41.8 மி.மீ.ரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், எனவே பழைய பேரிங்கைக் கொண்டுபோய் எழுத்தோடு எழுத்தாக ஒப்பிட்டு வாங்குங்கள்.

பூட்டும் வேலையில் ஒரு விடயத்தில் மட்டும் அவசரப்படவேண்டாம். கப்பைச் சுத்தியலால் அடித்து இறக்கினால் ஒரு பக்கம் முந்திப்போய்க் குழாயை விரித்துவிடும். இரும்புக்கடையில் முழு நீளமும் புரி வெட்டிய 12 மி.மீ. கம்பி ஒரு முழ அளவு வாங்கி, இரண்டு பக்கமும் தடித்த வாஷரும் நட்டும் போட்டு மெதுவாக இறுக்கினால் கப் நேராகவே ஏறும். ஒவ்வொரு கப்பாக ஏற்றுங்கள். குழாயின் வாய்க்கும் கப்பின் உதட்டுக்கும் இடையில் தாள் நுழையாத அளவுக்கு உட்காரவேண்டும். அடி வளையத்துக்குத் தண்டின்மேல் தளர்வாக இறங்கும் இரும்புக் குழாய் ஒன்றை வைத்துத் தட்டலாம். போல்ஸ் ஓடும் பாதையில் குழாய் படாமல் உள் விளிம்பில் மட்டும் படவேண்டும். கூட்டுப் போல்ஸ் போடுகிறவர்கள் கூட்டின் பக்கத்தைக் கவனியுங்கள். தலைகீழாகப் போட்டால் தகடு உரசும், திருப்பும்போது கரகரப்புக் கையில் தெரியும்.

இறுக்கும்போது மேல் கோனை விரலால் முட்டும்வரை இறக்கி, வாஷரின் நாக்கைத் தண்டின் வெட்டில் கோத்து, லொக் நட்டை இறுக்குங்கள். லொக் நட் இறுகும்போது கோனையும் கொஞ்சம் அமுக்கும், அதனால் கோனை முதலில் ஒரு துளி இளக்கி வைப்பது சரி. சோதிப்பதற்கு, முன் சில்லின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள், தலைக்குழாய் வாயில் விரல் வைத்தால் ஆட்டம் தெரியும். பிறகு முன் சில்லைத் தூக்கி ஹாண்டிலை விடுங்கள். தன்பாட்டில் ஒரு பக்கம் சாயவேண்டும். ஆட்டமும் இருக்கக்கூடாது, பிடிப்பும் இருக்கக்கூடாது. இரண்டில் எது இருந்தாலும் அதே குழி திரும்ப விழும்.

கிறீஸில் கஞ்சத்தனம் வேண்டாம். நீங்கள் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய்வருகிறவர் என்றால் இன்னும் கூடப் பூசவேண்டும், கடல்நீரேரியின் உப்புக்காற்றில் கீழ்க் கப்தான் முதலில் துருப்பிடிக்கும். வெளியிணைப்பு எஞ்சினுக்குக் கடற்றொழிலாளர்கள் பூசும் கிறீஸ் தண்ணீரில் எளிதில் கரைந்து போகாது. கிடைத்தால் அதைப் போடுங்கள். முன் மட்கார்ட் இல்லாமல் மாரியில் ஓடினால் சில்லு அள்ளி வீசும் தண்ணீரும் செம்மண்ணும் நேராகப் போய் விழுவது கீழ்ப் போல்ஸில்தான். ஹெட்செட்டுக்குச் செலவழிக்கிறவர் மட்கார்ட்டுக்கும் கொஞ்சம் செலவழிக்கவேண்டும். பழைய ரியூப்பிலிருந்து இரண்டு விரல் அகல வளையம் ஒன்று வெட்டி, போர்க்கைப் பூட்டும் முன் தலைக்குழாயின் அடியில் ஏற்றிவைத்து, பிறகு கீழ்க் கப்பையும் வளையத்தையும் மூடுமாறு இழுத்துவிட்டால் தூசியும் தண்ணீரும் பெருமளவு நிற்கும்.

புதுக் கப்பும் வளையமும் ஓட ஓடக் கொஞ்சம் இறங்கி உட்காரும். ஆகவே பூட்டி ஒரு கிழமை ஓடியபின் முன் பிரேக் சோதனையைத் திரும்பச் செய்து, ஆட்டம் தெரிந்தால் கோனை ஒரு துளி இறக்கி லொக் நட்டை மறுபடி இறுக்குங்கள். பத்துப் புரியின் நீளம், திண்ணையின் விட்டம், பழைய கப்பின் விட்டம், தண்டின் நீளம், குழாயின் நீளம் இவ்வளவையும் அளந்து எழுதினால் உங்கள் கீழ்ச் சோடிக்கு எவ்வளவு வாஷர் தேவை என்பதையும் கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.